வெட்சி என்னும் இட்லிப் பூ

(பத்தாம் வகுப்பு மாணவி)

பத்தாம் வகுப்பில் தமிழ் இலக்கணத்தில் புறத்திணைகள் பன்னிரண்டையும் படிக்கிறோம். வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி என வரிசை தவறாமல் ஒப்புவிக்கிறோம். அறிவியலில் தாவரங்களுக்கு இருசொற்பெயர் இடும் முறையைப் படிக்கிறோம். கரோலஸ் லின்னேயஸ், 1753 என விடை எழுதுகிறோம். இவை இரண்டும் வெவ்வேறு பாடங்கள், வெவ்வேறு தேர்வுத்தாள்கள். ஆனால் இவ்விரண்டு பாடங்களும் ஒரே செடியில் வந்து சேருகின்றன. அந்தச் செடியோ, நாம் நாள்தோறும் கடந்து செல்கின்ற ஒரு சாதாரணப் பூச்செடி. இதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பள்ளித் தோட்டங்களிலும், மாதா கெபியைச் சுற்றியும், கோயில் நந்தவனங்களிலும், அரசு அலுவலக வாசல்களிலும் வேலிபோல் வெட்டி வளர்க்கப்பட்டிருக்கும் செடி அது. கிளை நுனியில் உருண்டைக் கொத்தாகச் செந்நிறப் பூக்கள் மலர்ந்திருக்கும். நாம் அதை ‘இட்லிப் பூ’ என்கிறோம். பழந்தமிழர் அதை ‘வெட்சி’ என்றனர். உலகத் தாவரவியல் அறிஞர் அதை ‘இக்ஸோரா காக்சினியா’ என்கின்றனர். ஒரே செடிக்கு ஏன் இத்தனை பெயர்கள்? அவற்றை வைத்தவர்கள் யார்? இவற்றை அறிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடியின் அமைப்பு

முதலில் செடியைப் பார்ப்போம். வெட்சி என்றும் பசுமையான புதர்ச்செடி. காப்பிச் செடியும், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சின்கோனா மரமும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ, அந்த ரூபியேசி குடும்பத்தையே வெட்சியும் சேர்ந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். வெளிநாட்டிலிருந்து வந்த அழகுச் செடிகள் பல நம் தோட்டங்களில் இருக்கின்றன. காகிதப் பூ எனப்படும் போகன்வில்லா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் வெட்சி நம் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடி.

இதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். பூக்கள் தனித்தனியே பூப்பதில்லை. கிளை நுனியில் பல பூக்கள் சேர்ந்து கொத்தாக மலரும். மேற்புறம் உப்பி வட்டமாக விளங்கும் அக்கொத்தைக் கண்டுதான் நம் மக்கள் ‘இட்லிப் பூ’ என்று பெயர் வைத்தார்கள்.

கொத்திலிருந்து ஒரு பூவை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஊசிபோல் மெல்லிய, நீண்ட குழல் ஒன்று இருக்கும். அதன் உச்சியில் நான்கு இதழ்கள் நாற்றிசையும் நோக்கிச் சிலுவை வடிவில் விரிந்திருக்கும். குழலின் அடியில் தேன் இருக்கும். சிறு பிள்ளைகள் பூவைப் பறித்துக் குழலின் அடியை உறிஞ்சுவதை நாம் கண்டிருக்கிறோம். குழல் மிகவும் குறுகலாக இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளே இத்தேனை எளிதில் பருக முடியும். பெரிய வண்ணத்துப்பூச்சிகள் இச்செடியை நாடி வருவதற்கு இதுவே காரணம்.

இப்பூவில் இன்னொரு வியப்பும் உண்டு. மொட்டு விரியும் முன்பே மகரந்தப்பைகள் வெடித்து, மகரந்தத் தூளைச் சூல்தண்டின் மேல் பூசி விடுகின்றன. பூ மலர்ந்ததும் சூல்தண்டு அத்தூளை ஏந்திக்கொண்டு வெளியே நீட்டி நிற்கிறது. வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடிக்கும்போது அத்தூள் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. இது முடிந்த பிறகே சூல்முடி இரண்டாகப் பிரிந்து, வேறொரு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. கொடுப்பது முதலில், பெறுவது பிறகு. படைத்தவரின் ஞானத்தை ஒரு சிறு பூவிலும் காணலாம் அல்லவா?

போரில் சூடிய பூ

இனித் தமிழ்ப் பாடத்துக்கு வருவோம். பண்டைக் காலத்தில் ஆநிரையே செல்வமாகக் கருதப்பட்டது. ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. ஓர் அரசன் மற்றோர் அரசனோடு போர் தொடங்க எண்ணினால், முதலில் அவன் நாட்டு ஆநிரைகளைக் கவர்ந்து வரச் செய்வான். அதற்குச் செல்லும் வீரர்கள் வெட்சிப் பூவைச் சூடிச் செல்வர். அதனால் அச்செயலுக்கே வெட்சித் திணை என்று பெயர் வந்தது. கவர்ந்து சென்ற ஆநிரைகளை மீட்க வருவோர் கரந்தைப் பூவைச் சூடுவர். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைத் தனித்தனித் திணைகளாகக் கூறுகிறது. அதற்கு முற்பட்ட தொல்காப்பியம் ஆநிரை மீட்டலையும் வெட்சிக்குள்ளேயே அடக்கி, வெட்சியைக் குறிஞ்சித் திணைக்குப் புறனாக வைக்கிறது. மலைநிலத்திற்கு உரிய அகத்திணைக்கு இணையாக இப்பூவின் பெயரைத் தொல்காப்பியர் வைத்திருப்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இவையெல்லாம் புலவர்களின் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்றில் ‘ஆகோள்’ என்ற சொல் இருக்கிறது. ஆநிரை கவர்தல் என்பது அதன் பொருள். அச்சொல்லைத் தொல்காப்பியமும் வெட்சித் திணையில் கூறுகிறது. நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், செங்கம் வட்டாரத்தில், ஆநிரைப் போர்களில் உயிர்விட்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் பல உள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1972ஆம் ஆண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. நாம் இலக்கணத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படிப்பதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் சூடிய பூ

வெட்சி போர்ப்பூ மட்டும் அன்று. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் வானுலக மகளிரின் கூந்தல் ஒப்பனையைச் சொல்லும்போது, வெட்சியின் சிறிய இதழ்களை அவர்கள் இடையிடையே வைத்துக் கொண்டதாகக் கூறுகிறார். வெட்சிக்குச் ‘செச்சை’ என்ற பெயரும் உண்டு. முருகனுக்கு உரிய மலராகச் செச்சை பழைய நூல்களில் பேசப்படுகிறது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு மாணவியராகிய நமக்கு மிகவும் நெருக்கமானது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவுறுத்தக் கபிலர் இதைப் பாடினார் என்பர். அதில் தலைவியும் தோழியும் அருவியில் நீராடி, மலைச்சாரலில் பூப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். அப்போது 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவ்வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற சிறப்பைப் பெற்றுள்ளது. ஆறாவதாக நிற்பது வெட்சி.

தோழியரே, ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டில் பூக்களின் பெயர்களைச் சொல்பவள் தோழி. அவளுக்கு ஏறத்தாழ நம் வயதுதான் இருக்கும். அவள் 99 பூக்களைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். நம்மால் எத்தனை பூக்களைப் பெயர் சொல்லி அழைக்க முடியும்? மல்லிகை, ரோஜா, சாமந்தி, கனகாம்பரம் என்று பூக்கடையில் விற்கும் பத்துப் பெயர்களோடு பலருக்கும் நின்றுவிடும்.

பனமலை தரும் பாடம்

வெட்சிக்கு அறிவியல் பெயர் வந்த வழியைப் புரிந்துகொள்ள, நம் விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையைச் சற்றே நினைத்துக்கொள்வோம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் கட்டிய பல்லவ மன்னன் இராசசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் இவ்வூர்க் குன்றின்மேல் சிவனுக்குக் கற்றளி எடுத்தான். அங்குள்ள சிற்றாலயம் ஒன்றில் குடையின் கீழ் முடி சூடி நிற்கும் பார்வதியின் ஓவியம் இன்றும் காணப்படுகிறது. பல்லவர் கால ஓவியங்களுள் எஞ்சியவை மிகச் சில என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

இக்கோயில் இறைவனின் பெயர் தாளகிரீஸ்வரர். ‘தாளம்’ என்றால் வடமொழியில் பனை. ‘கிரி’ என்றால் மலை. பனை மலை என்ற தமிழ்ப் பெயரைத்தான் வடமொழியில் மாற்றித் தாளகிரி என்றார்கள். அதனோடு இறைவனைக் குறிக்கும் ‘ஈஸ்வரன்’ என்ற சொல் சேர்ந்தது. இதிலிருந்து நாம் ஒரு பாடம் கற்கலாம். ஒரு மரத்தின் பெயர் மலைக்குப் பெயராகும். மலையின் பெயர் மொழி மாறி இறைவனுக்குப் பெயராகும். பெயர்கள் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை, பயணம் செய்கின்றன. இதே ‘ஈஸ்வரன்’ என்ற சொல் மிக நீண்ட பயணம் செய்து நம் இட்லிப் பூவை வந்து சேர்ந்தது. அந்த வரலாறு சுவையானது.

ஈஸ்வரன் ‘இக்ஸோரா’ ஆன வரலாறு

பதினேழாம் நூற்றாண்டில் மலையாளக் கரையில் கொச்சியை ஒல்லாந்தர் ஆண்டனர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவர். மலையாள நாட்டுச் செடிகொடிகளின் செழிப்பைக் கண்டு வியந்த அவர், அவற்றையெல்லாம் படத்தோடு விளக்கும் பெருநூல் ஒன்றை உருவாக்க முனைந்தார். இலத்தீன் மொழியில் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, அதாவது ‘மலபார்த் தோட்டம்’ என்ற அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 700க்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் இடம்பெற்றன.

இப்பெரும்பணி ஒருவரால் முடிந்ததன்று. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர், தம் குலத்தார் வழிவழியாகக் காத்துவந்த மூலிகை அறிவை எடுத்துக் கூறினார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர் மூவர் துணைநின்றனர். தொடக்கக் காலத்தில் செடிகளை வரைந்தும் விளக்கியும் உதவியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. அவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த கார்மேல் சபைக் குரு, புனித யோசேப்பின் மத்தேயு அடிகளார். ஆள வந்த ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். உதவிய துறவி கத்தோலிக்கர். அறிவு தந்த வைத்தியர்கள் இந்துக்கள். ஒரு தோட்டத்தைப் பற்றிய நூலுக்காக இவர்கள் அனைவரும் ஒன்று சேர்ந்தார்கள்.

அந்நூலின் இரண்டாம் தொகுதியில் நம் செடி ‘செத்தி’ என்ற மலையாளப் பெயரோடு இடம்பெற்றது. மலையாளத்தில் இன்றும் இதைச் செத்தி என்றும் தெச்சி என்றும் அழைக்கிறார்கள். நம் ‘செச்சை’யும் அவர்களின் ‘செத்தி’யும் ஒலியால் அக்காள் தங்கை போலத் தோன்றுகின்றன அல்லவா?

பிறகு சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வருகிறார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1670களில் இலங்கையில் மருத்துவராகப் பணியாற்றிய பால் ஹெர்மான் உலர்த்திச் சேகரித்த செடிகளைக் கொண்டும், வான் ரீட் நூல் போன்றவற்றைக் கொண்டும் நம் நாட்டுத் தாவரங்களை அறிந்தார். 1747ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கைத் தாவர நூலில் இச்செடிக்கு ‘இக்ஸோரா’ என்று பெயரிட்டார். 1753ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ என்ற நூலில் ‘இக்ஸோரா காக்சினியா’ என இருசொற்பெயராக அதை நிலைநிறுத்தினார்.

‘காக்சினியா’ என்பது செந்நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். ‘இக்ஸோரா’ என்பது என்ன? அக்காலத்து ஐரோப்பியர் நூல்களில் சிவபெருமானைக் குறிக்க எழுதப்பட்ட சொல் அது. போர்த்துக்கீசியர் ‘எக்ஸ்’ எழுத்தை ‘ஷ’ என்று ஒலிப்பார்கள். அவர்கள் ‘ஈஸ்வர’ என்று கேட்டதை அந்த எழுத்தை இட்டு எழுதினார்கள். போர்த்துக்கீசியம் அறியாதவர்கள் அதையே ‘இக்ஸோரா’ என்று படித்தார்கள். இப்பூவை மலையாள நாட்டு மக்கள் ஈஸ்வரனுக்குச் சாத்தி வழிபட்டதால், அப்பெயரையே செடிக்குச் சூட்டிவிட்டார் லின்னேயஸ். பனமலைக் குன்றின்மேல் தாளகிரீஸ்வரர் பெயரில் ஒலிக்கும் அதே சொல்தான், உலகத் தாவரவியல் தோட்டங்களின் பெயர்ப் பலகைகளிலும் நிற்கிறது. இன்று இப்பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்காவில் வளரும் இனமானாலும் அதன் முதற்பெயர் இக்ஸோராதான்.

நம் நாட்டுச் சொற்கள் இவ்வாறு அறிவியல் பெயர்களானது இது ஒன்று மட்டுமல்ல. முருங்கை ‘மொரிங்கா’ ஆயிற்று. மாங்காய் போர்த்துக்கீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ‘மாஞ்சிஃபெரா’ என்ற பெயரில் புகுந்தது. பாவட்டை ‘பாவெட்டா’ ஆயிற்று. அறிவியல் பெயர்கள் என்றாலே வாயில் நுழையாத அயல்மொழிச் சொற்கள் என்று அஞ்சும் நமக்கு, அவற்றுள் நம் வீட்டுச் சொற்களும் ஒளிந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது.

கடல் கடந்த பூ

இலங்கையில் சிங்கள மக்கள் வெட்சியை ‘ரத்மல்’ என்கிறார்கள். சிவப்புப் பூ என்பது பொருள். தென் அமெரிக்காவின் வடகரையில் சுரினாம் என்ற நாடு இருக்கிறது. 1975ஆம் ஆண்டு வரை அது ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. அங்கு இப்பூவுக்குப் பெயர் ‘ஃபாயா லோபி’. ‘தீயான அன்பு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்நாட்டின் தேசிய மலரே அதுதான். ஒல்லாந்தர் நூல் வழியாக உலகம் அறிந்த நம் ஊர்ப் பூ, ஒல்லாந்தர் ஆண்ட மற்றொரு நாட்டில் தேசிய மலராகி இருப்பது வியப்பான ஒற்றுமை.

போர்வீரன் அதில் வீரத்தைக் கண்டான். பக்தன் இறைவனைக் கண்டான். சுரினாம் மக்கள் அன்பைக் கண்டார்கள். அடுப்படியில் உழைக்கும் நம் தாய்மார்கள் இட்லியைக் கண்டார்கள். இவற்றுள் எது உயர்ந்த பெயர், எது தாழ்ந்த பெயர் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு பெயரும், அதை வைத்தவர்களின் வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடி. ஆனால் ஒரு பெயர் மட்டுமே எஞ்சி மற்றவை மறைந்துபோனால், அவற்றோடு சேர்ந்த வாழ்க்கையும் நம் நினைவிலிருந்து மறைந்துவிடும்.

பெயர் மறைந்தால் செடியும் மறையும்

இது வெறும் சொல் விளையாட்டு அன்று என்பதற்கு வெட்சியின் சொந்தச் சகோதரி ஒருத்தியே சான்று. நம் பகுதிக் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் வளரும் ‘சுளுந்து’ என்ற சிறுமரமும் இக்ஸோரா பேரினத்தைச் சேர்ந்ததுதான். வெண்ணிறமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து மணம் வீசும். இதன் குச்சிகள் நன்றாக எரியும். எனவே மண்ணெண்ணெய் விளக்கும் மின்விளக்கும் இல்லாத காலத்தில், இரவில் வழி நடப்பவர்கள் சுளுந்துக் குச்சிகளைக் கட்டித் தீவட்டியாகப் பிடித்துச் சென்றார்கள். ஆங்கிலத்திலும் இதற்குத் தீவட்டி மரம் என்றே பெயர்.

விளக்குகள் வந்தன, சுளுந்தின் தேவை போயிற்று. தேவை போனதும் பெயர் போயிற்று. இன்று நம் வயதுப் பெண்களில் சுளுந்து என்ற சொல்லைக் கேட்டவர்களே குறைவு. பெயர் போனதும் அது வெறும் ‘காட்டுச்செடி’ ஆகிவிடுகிறது. காட்டுச்செடியை வெட்ட யாரும் தயங்குவதில்லை. ‘இது சுளுந்து, வழிகாட்டிய மரம்’ என்று சொல்ல ஒருவர் இருந்தால், வெட்டுபவரின் கை ஒரு கணமாவது நிற்கும். பாவட்டைக்கும் இதே நிலைதான். நாட்டு வைத்தியத்தில் இடம்பெற்ற அச்செடியை இன்று பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர்கள் வயது முதிர்ந்தவர்களே.

வெட்சிக்குச் செடி அழியும் ஆபத்து இல்லை. தோட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நாற்றுப் பண்ணைகளில் விற்பவை எல்லாம் நம் வெட்சி அல்ல. சீனாவைச் சார்ந்த இக்ஸோரா இனமும், குட்டையாக வளரும் கலப்பு வகைகளும் மிகுதி. மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என நிறங்கள் பல. அவையும் அழகியவைதான். எனினும் நம் நாட்டு வெட்சியை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். அதன் இதழ் நுனி கூராக இருக்கும். சீன இனத்தின் இதழ் நுனி மழுங்கி வட்டமாக இருக்கும். நாட்டு வெட்சியின் இலைக்குக் காம்பு இல்லாதது போலத் தோன்றும். இலையின் அடிப்பகுதி தண்டை அணைத்தாற்போல் இருக்கும். லின்னேயஸ் தம் நூலில் எழுதிய அடையாளமும் இதுவே. சுமார் 270 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த அடையாளத்தை இன்று நம் தோட்டத்துச் செடியிலேயே சரிபார்க்கலாம்.

வளர்க்கும் முறை

வெட்சியை வளர்ப்பது எளிது. முற்றாத, மிக இளசாகவும் இல்லாத கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, மழைக்காலத்தில் நிழலான இடத்தில் நட்டால் வேர் பிடிக்கும். பின்னர் வெயில் படும் இடத்திற்கு மாற்றலாம். நீர் தேங்காத செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் ஏற்றவை. சுண்ணாம்பு மிகுந்த மண் இதற்கு ஆகாது. சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்ட செடிகளில் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் சுண்ணாம்பு மிகும்போது செடியால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் போவதே அதற்குக் காரணம். சுவரிலிருந்து தள்ளி நட்டு, இலைமக்கு இட்டு வந்தால் சரியாகும்.

மற்றொரு செய்தி: இப்பூ கிளை நுனியில்தான் பூக்கும். வேலி ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று மாதந்தோறும் நுனியைக் கத்தரித்தால், மொட்டுகளையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம். ஒரு முறை பூத்து முடிந்த பிறகு அளவாகக் கத்தரித்தால் மீண்டும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். உதிர்ந்த பூக்குழலின் இடத்தில் சிறிய உருண்டைக் காய் தோன்றி, சிவந்து, பின் கருத்துப் பழுக்கும். பறவைகள் அதை விரும்பி உண்ணும்.

நாம் செய்யக்கூடியது

அன்புத் தோழியரே! நற்கருணைப் பவனியின்போது நாம் தட்டில் ஏந்தித் தூவும் பூக்களிலும், மே மாதத்தில் தேவமாதாவுக்குக் கட்டும் மாலையிலும் இப்பூவைச் சேர்க்கிறோம். நம் ஊர் அம்மன் கோயில்களிலும் சிவன் கோயில்களிலும் இதே பூவைச் சாத்துகிறார்கள். யார் கையால் எடுத்தாலும், யார் திருமுன் வைத்தாலும், தன் நிறமும் தேனும் குறையாமல் மலர்வது இதன் இயல்பு. அதனிடம் நாம் கற்க வேண்டியது இதுவும்தான்.

திருவிவிலியத்தின் தொடக்க நூலில், கடவுள் உயிரினங்களை ஆதாமிடம் கொண்டுவந்து, அவன் அவற்றுக்கு என்ன பெயரிடுகிறான் என்று பார்த்ததாகப் படிக்கிறோம். மனிதனுக்குக் கடவுள் முதன்முதலில் தந்த வேலைகளுள் ஒன்று, படைப்புகளைக் கூர்ந்து பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பது. குறிஞ்சிப்பாட்டுத் தோழி செய்ததும் அதுவே. இட்டி அச்சுதனும் மத்தேயு அடிகளாரும் செய்ததும் அதுவே.

நாமும் சிறிய அளவில் இதைச் செய்யலாம். விடுமுறைக்கு வீட்டுக்குச் செல்லும்போது, ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்வோம். பாட்டியிடமும், வயலில் வேலை செய்யும் பெரியவர்களிடமும், ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும் நம் ஊர் ஏரிக்கரையிலும் குன்றிலும் வளரும் செடிகளின் பெயர்களைக் கேட்போம். ஆளுக்குப் பத்துப் பெயர்கள், அவற்றின் பயன், பூக்கும் மாதம் ஆகியவற்றை எழுதி வருவோம். அறிவியல் ஆசிரியையும் தமிழாசிரியையும் உதவினால், அவற்றின் அறிவியல் பெயரையும் இலக்கியப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் நானூறு பெயர்கள்! ஒரே பெயர் பலமுறை வந்தாலும், குறிஞ்சிப்பாட்டின் 99ஐ எட்டிவிடலாம்.

முதல் வேலையாக, பள்ளித் தோட்டத்தில் இருக்கும் அந்தச் சிவப்புப் பூச்செடியின் முன் ஒரு சிறு பலகை வைப்போம். அதில் மூன்று வரிகள் போதும்: இட்லிப் பூ, வெட்சி, இக்ஸோரா காக்சினியா. அதைப் படித்துவிட்டுத் தமிழ்த் தேர்வு எழுதப் போகும் மாணவி, வெட்சித் திணைக்கு விளக்கம் தேடி இனித் தவிக்க மாட்டாள்.